இரும்பு ஆங்கிலமும் உடம்பு ஆங்கிலமும்

எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுக்க இரும்போடு சம்பந்தப்பட்டது. பள்ளிக்கூடத்தில் கடைசி வரை தமிழ் மீடியம். பாலிடெக்னிக்கில் சேர்ந்த பிறகுதான் ஆங்கிலப் புத்தகம் கைக்கு வந்தது, அதுவும் இயந்திரங்களைப் பற்றியது. படிப்பு முடிந்ததும் திருச்சிக்கு அருகே துவாக்குடிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் சேர்ந்தேன். பெரிய ஆலைகளுக்கு வேண்டிய பாகங்களைக் காண்டிராக்டில் செய்து கொடுக்கிற சின்ன யூனிட். வெல்டிங் செய்த இணைப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. முதலில் கண்ணால் பார்ப்பேன், பிறகு கேஜ் வைத்து அளப்பேன். முக்கியமான இணைப்பு என்றால் எக்ஸ்ரே எடுத்து வந்த ஃபிலிமை விளக்குப் பெட்டியில் வைத்து, உள்ளே காற்றுக்குமிழி அடைபட்டிருக்கிறதா, விரிசல் ஓடுகிறதா என்று தேடுவேன். இந்த வேலைக்கு வேண்டிய ஆங்கிலச் சொற்கள் அனைத்தும் எனக்குத் தெரியும், ரிப்போர்ட்டும் எழுதிவிடுவேன். ஆனால் யாராவது ஆங்கிலத்தில் வழி கேட்டால் கையை நீட்டிக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

என் மனைவிக்குத் தெரிந்த ஆங்கிலம் உடம்போடு சம்பந்தப்பட்டது. லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். நர்சிங் படித்துவிட்டு ஸ்ரீரங்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். அவளும் எக்ஸ்ரே பார்ப்பாள். கல்யாணமான புதிதில் எங்களுக்குப் பொதுவாக இருந்த விஷயம் அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

காட்டூரில் வாடகை வீடு. இரண்டு தெரு தள்ளி என் அக்கா வீடு. எங்கள் மகள் பள்ளிக்கூடம் விட்டால் நேராக அங்கேதான் போவாள். கல்யாணமாகி ஒன்பது பத்து வருடம் இப்படியே ஓடியது. ஒரு நாள் சாயங்காலம் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். அவளோடு வேலை பார்த்த ஒரு நர்ஸ் அயர்லாந்து போய்விட்டாளாம். அதற்கு ஆங்கிலத்தில் ஒரு தேர்வு எழுத வேண்டுமாம். கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று அதில் நான்கு பாகமாம்.

"நானும் எழுதிப் பாக்கட்டுமா?"

"எழுதேன்."

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அது நடக்காது என்று நினைத்ததால்தான் அவ்வளவு சுலபமாகச் சொன்னேன்.

கண்டோன்மென்ட் பக்கம் ஒரு கோச்சிங் சென்டரில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. சொல்லிக் கொடுத்தவள் எங்களைவிடப் பத்து வயதாவது சின்னப் பெண். சர்ச்சில் காலைப் பூசை முடிந்து நேராக வகுப்புக்கு வருவாள். எல்லோரும் அவளை மிஸ் என்பார்கள், அவள் என் மனைவியை அக்கா என்பாள். அவளுடைய முறை எளிமையானது. ஒவ்வொரு நாளும் காலையில் கொஞ்சம் கடினமான சொற்களை அர்த்தத்தோடு போனில் அனுப்பிவிடுவாள். ஒவ்வொரு சொல்லுக்கும் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் அமைக்க வேண்டும். புத்தகத்திலிருந்து எடுத்த வாக்கியம் மனதில் நிற்காது, தன் வீட்டு விஷயமாக இருந்தால் மறக்காது என்பது அவள் கட்சி.

மனைவிக்குப் படிக்க நேரம் கிடைத்தது பைக்கில்தான். காலை ஷிஃப்ட் என்றால் நான்தான் கொண்டுபோய் விடுவேன். காட்டூரிலிருந்து தஞ்சாவூர் ரோட்டில் பால்பண்ணை, காந்தி மார்க்கெட், மெயின்கார்டு கேட், சத்திரம் பஸ் ஸ்டாண்டு, பிறகு காவிரிப் பாலம். அவளை இறக்கிவிட்டு அதே வழியில் திரும்பி, வீட்டைத் தாண்டி, எதிர்த்திசையில் என் வேலைக்குப் போவேன். அவள் பின்னால் உட்கார்ந்து போனைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்வாள். ஹெல்மெட் போட்டிருப்பதால் கத்திச் சொல்ல வேண்டும்.

முதல் வாரத்திலேயே வந்தது டாலரன்ஸ்.

"பிளஸ் ஆர் மைனஸ் ரெண்டு எம்எம்," என்றேன்.

"என்னது?"

"வரைபடத்துல இருக்கிற அளவுக்கு ரெண்டு மில்லிமீட்டர் கூடக் குறைய இருந்தா ஏத்துக்கலாம். அதைத் தாண்டினா ரிஜெக்ட். அதான் டாலரன்ஸ்."

"இங்க சகிப்புத்தன்மைன்னு போட்டிருக்கு."

"அதுவா?"

"எங்க வார்டுல வேற. ஒரே மருந்தைக் குடுத்துக்கிட்டே இருந்தா உடம்புக்குப் பழகிப் போயிடும். அதே டோஸ் அப்புறம் கேக்காது. அதுக்குப் பேரும் டாலரன்ஸ்தான்."

அவளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அந்த மூன்று அர்த்தங்களும் கூடவே வந்தன. அதுவரை அந்தச் சொல்லை ஆயிரம் முறை எழுதியிருப்பேன். இரும்புக்கு வெளியே அதற்கு வேலை இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

அதன் பிறகு எனக்கே ஒரு சுவாரஸ்யம் வந்துவிட்டது. பாதிச் சொற்களுக்கு எங்கள் இருவரில் ஒருவருக்கு ஏதோ ஒரு அர்த்தம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அது தேர்வுக்கு வேண்டிய அர்த்தமாக மட்டும் இருக்காது. கேண்டிட் என்றதும் அவள் ஒரு பூஞ்சையைச் சொன்னாள். நோயாளிகளின் வாயில் வெள்ளையாகப் படியுமாம், அதன் பெயர் ஏறக்குறைய அப்படித்தானாம். உண்மையில் கேண்டிட் என்றால் உள்ளதை உள்ளபடி சொல்வது. பினைன் என்பது அவளுக்குக் கட்டியைப் பற்றிய சொல்; ஆபத்தில்லாத கட்டி. மிஸ் அனுப்பிய வாக்கியத்தில் ஒரு கிழவர் பினைனாகச் சிரித்தார்.

"சிரிப்பு புத்துநோய் இல்லன்னு எதுக்கு எழுதறாங்க?" என்று கேட்டாள்.

"சவுண்ட்" என்றால் சத்தம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எங்கள் யூனிட்டில் சவுண்ட் வெல்ட் என்றால் உள்ளே குறையே இல்லாத இணைப்பு. அதைச் சொன்னதும் அவளுக்கு ஒரு முடிச்சு அவிழ்ந்தது. "அப்ப சவுண்ட் ஸ்லீப்னா நடுவுல ஓட்டை இல்லாத தூக்கம்," என்றாள். நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவள் சொன்னதால் எனக்கு அது சரியாகவே பட்டது. ரெசிலியன்ட் வந்த அன்று, வளைத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்புகிற கம்பியை நான் சொன்னேன், ஆபரேஷன் முடிந்த மறுநாளே எழுந்து உட்கார்ந்து காபி கேட்கிற நோயாளியை அவள் சொன்னாள்.

நடுவில் சில மாதங்கள் காவிரிப் பாலத்தை மராமத்துக்காக மூடிவிட்டார்கள். பைபாஸ் வழியாகச் சுற்றித் திருவானைக்காவல் பக்கமாகப் போக வேண்டியிருந்தது. ஊரே அதைத் திட்டியது. எங்களுக்குக் கூடுதலாகச் சில சொற்கள் கிடைத்தன.

பாலம் திறந்த பிறகு ஒரு நாள். காந்தி மார்க்கெட் அருகே வெங்காய மூட்டை ஏற்றிய மினி லாரி ஒன்று குறுக்கே நின்றுகொண்டு நகரவில்லை. சுமைதூக்குகிறவர்களுக்கும் டிரைவருக்கும் ஏதோ வாக்குவாதம். நான் என்ஜினை அணைத்துவிட்டுக் காலை ஊன்றி நின்றேன்.

"ரிலக்டன்ட்," என்றாள் பின்னாலிருந்து. "மனசில்லாம தயங்கறது."

"சரி. வாக்கியம் சொல்லு."

ஆங்கிலத்தில் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். மை ஹஸ்பண்ட் இஸ் ரிலக்டன்ட் டு செண்ட் மீ.

எனக்கு முன்னால் ஒரு மூட்டை அவிழ்ந்து வெங்காயம் ரோட்டில் உருண்டது. ஒருவர் குனிந்து பொறுக்கினார். லாரி நகர்ந்தது. நான் பைக்கைக் கிளப்பினேன்.

"கிராமர் சரியா இருக்கு," என்றேன்.

சத்திரம் வரை இருவரும் பேசவில்லை. பாலத்திலும் பேசவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்தாள்.

"தப்பாச் சொல்லிட்டேனா?"

"சென்டன்ஸ் சரிதான்னு சொன்னேனே."

"நான் சென்டன்ஸைக் கேக்கல," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று யூனிட்டில் ஃபிலிம் பார்த்துக்கொண்டிருந்தேன். மனம் அதில் நிற்கவில்லை. ஒரே ஃபிலிமை இரண்டு முறை எடுத்து வைத்தேன். அவள் சொன்னது உண்மை. அவள் போவதில் எனக்கு மனமில்லை. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அவளிடமும் சொன்னதில்லை. வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டேன், சொற்களுக்கு அர்த்தம் சொன்னேன், அக்கா முணுமுணுத்தபோது மனைவி பக்கம் நின்றேன். இவ்வளவு செய்தும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கோபம் வந்ததா என்று கேட்டால், வந்தது. ஆனால் கண்டுபிடிக்கப்பட்டவனுக்கு வருகிற கோபம் அது, அதிகம் நீடிக்காது.

மறுநாள் அவள் ஒன்றும் நடக்காததுபோல் போனை எடுத்தாள். ரிசென்ட் என்று வந்தது.

"மனசுக்குள்ளயே வச்சிக்கிட்டுக் கசப்பா இருக்கறது," என்று அர்த்தத்தைப் படித்தாள்.

நான் வாக்கியத்தைச் சொன்னேன். ஐ டூ நாட் ரிசென்ட் யூ.

"உண்மையாவா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம் உண்மையா, கொஞ்சம் கசப்பா?"

"ரெண்டும் கொஞ்சம்."

அவள் சிரித்த மாதிரி இருந்தது. ஹெல்மெட்டுக்குள் சரியாகக் கேட்கவில்லை.

அதிலிருந்து பல நாட்கள் இப்படியே போயிற்று. தமிழில் சொல்ல முடியாததையெல்லாம் வாக்கியம் என்ற பெயரில் ஆங்கிலத்தில் சொன்னோம். ஆங்கிலம் உசத்தி என்பதால் அல்ல, எங்களுக்கு அது குறைவாகத் தெரிந்ததால்தான். தமிழில் ஆரம்பித்திருந்தால் இரண்டாவது வாக்கியத்தில் என் அக்கா வந்திருப்பாள், மூன்றாவதில் மனைவியின் அம்மா வீட்டு ஆட்கள் வந்திருப்பார்கள், அதற்கடுத்து கல்யாணத்தன்று நடந்தது வந்திருக்கும். ஆங்கிலத்தில் சண்டை போடுகிற அளவுக்கு எங்கள் இருவரிடமும் சரக்கு இல்லை. விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டியிருந்தது. வார்டில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து தான் தேங்கிப்போய்விட்டதாக நினைக்கிறாள் என்பது ஸ்டாக்னன்ட் என்ற சொல் வந்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மகளை ஒற்றை ஆளாக வளர்க்க எனக்குப் பயம் என்பதை அப்ரிஹென்சிவ் என்ற சொல்லை வைத்து அவளிடம் சொன்னேன். அவள் "ம்" என்று மட்டும் சொன்னாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், மகளுக்கு இரட்டைச் சடை பின்னுவது எப்படி என்று என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினாள்.

தேர்வு சென்னையில். நானும் கூடப் போனேன். வெளியே வந்தபோது முகம் தெளிவாகத்தான் இருந்தது. ஒரு நோயாளியை வேறு டாக்டரிடம் அனுப்புவதற்குக் கடிதம் எழுதச் சொன்னார்களாம். படித்த நல்ல சொற்களையெல்லாம் அதில் எழுதிவிட்டதாகச் சொன்னாள். ரிசல்ட் வந்தபோது மற்ற மூன்று பாகங்களிலும் தேறியிருந்தாள், எழுதுவதில் கொஞ்சத்தில் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மிஸ்ஸைப் பார்க்கப் போனோம். என்ன எழுதினாள் என்பதை நினைவிலிருந்து சொல்லச் சொல்லி மிஸ் கேட்டுக்கொண்டாள். நோயாளி மாத்திரை விஷயத்தில் ஆப்டியூரேட் ஆக, அதாவது இளகாத பிடிவாதத்தோடு இருக்கிறார் என்று எழுதியதாக மனைவி சொன்னாள்.

"அக்கா, மாத்திரை சாப்பிட மாட்டேங்கறாருன்னு எழுதினா போதும்," என்றாள் மிஸ். "நீங்க தினமும் டாக்டருக்குச் சொல்றீங்கல்ல, அப்படியே எழுதணும். பெரிய வார்த்தை படிக்கறப்ப புரியறதுக்கு. எடுத்து எழுதறதுக்கு இல்ல."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்று நான் கேட்டேன்.

"சொன்னேன் சார். அக்காவுக்கு ஆசை."

மனைவி நோட்டை மூடிப் பையில் வைத்தாள். வெளியே வந்து பைக்கில் ஏறும்போது, "படிச்சது போதுங்க," என்றாள்.

அக்காவிடம் சொன்னேன். "அதான் நல்லது. இருக்கறதை விட்டுட்டு எதுக்கு ஓடணும்," என்றாள் அக்கா. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. நினைத்தது நடந்துவிட்டது, அதற்கு நான் ஒரு விரலைக்கூட அசைக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் காலையில் பைக்கில் பேச்சு நின்றுபோனது. அவள் போனை எடுக்கவில்லை. கேஸ் புக் பண்ணியாயிற்றா, மகளுக்கு ஸ்கூல் ஷூ சின்னதாகிவிட்டது, இப்படி இரண்டு மூன்று விஷயம். பால்பண்ணை வருவதற்குள் அது முடிந்துவிடும். மிச்ச வழி முழுக்கச் சும்மா வருவாள். வீட்டிலும் அப்படித்தான். வேலை எதையும் குறைக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். வார்டில் ஒரு நோயாளி அப்படி இருந்தால் அவளே டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பாள்.

நான் மட்டும் சொற்களை விடவில்லை. மிஸ்ஸின் செய்திகள் வந்துகொண்டிருந்த குரூப்பில் என் நம்பரும் இருந்தது. யூனிட்டில் டீ குடிக்கும்போது பார்ப்பேன். பக்கத்தில் உட்காரும் கிரேன் ஆபரேட்டர், "நீங்களும் நர்ஸ் ஆகப் போறீங்களா?" என்று கேட்டார். பழக்கமாகிவிட்டது என்றேன். அது உண்மைதான். வேறு காரணம் ஏதும் இருந்ததாக அப்போது எனக்குத் தெரியவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு காலை, காவிரிப் பாலத்தின் நடுவில் நான் கேட்டேன்.

"மெட்டிகுலஸ்னா என்ன, தெரியுமா?"

"தெரியாது."

"ஒண்ணு விடாம, நுணுக்கமாப் பாத்துச் செய்யறது. எங்க வேலை."

"எங்க வேலையும் அதான்." மாம்பழச் சாலை திரும்பியதும், "நீங்க எதுக்கு இதெல்லாம் படிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"சும்மாதான்."

"நான்தான் விட்டுட்டேன்ல."

"நீ விட்டுட்ட. நான் விடல."

ஆஸ்பத்திரி வாசலில் ஹெல்மெட்டைக் கொடுத்துவிட்டு நின்றாள். "அடுத்த பரீட்சை எப்பன்னு மிஸ்கிட்ட கேக்கட்டா?"

"கேளு."

அவள் போக வேண்டும் என்று அன்றும் நான் விரும்பினேன் என்று சொல்ல முடியாது. போகாமல் இருந்தவளோடு இருப்பது அதைவிடக் கடினமாக இருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாம் முறை அவள் தேறினாள். கடிதத்தில் ஒரு பெரிய சொல்கூட எழுதவில்லை என்று சொன்னாள். பிறகு வீடியோவில் இன்டர்வியூ, விசா, மற்ற அலைச்சல்கள். எல்லாம் சேர்ந்து ஒரு வருடத்துக்குமேல் இழுத்தது. விமானம் திருச்சியிலிருந்தே புறப்பட்டது, நடுவில் இரண்டு இடத்தில் மாறிப் போக வேண்டும். ஏர்போர்ட்டுக்கு அக்காவும் வந்தாள். போகக் கூடாது என்று அதுவரை சொன்னவள், முறுக்கும் பருப்புப்பொடியும் பெட்டியில் அடைத்துக் கொடுத்திருந்தாள். மகள் அழவில்லை. அம்மாவின் பெட்டிச் சக்கரம் ஒன்று சரியாக ஓடவில்லை என்பதிலேயே அவள் கவனம் இருந்தது. மனைவி கண்ணாடிக் கதவைத் தாண்டி, திரும்பிக் கை காட்டினாள். நானும் காட்டினேன். வீட்டுக்கு வந்து, அவள் துவைத்து மடித்து வைத்துவிட்டுப் போயிருந்த என் சட்டைகளைப் பார்த்தபோதுதான் அழுகை வந்தது. மகளுக்குத் தெரியக் கூடாது என்று பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

சாப்பாடு அக்கா வீட்டிலிருந்து கேரியரில் வந்தது. இரட்டைச் சடை நன்றாகவே வந்தது. மனைவி தினமும் போனில் பேசினாள்.

அயர்லாந்தில் அவள் போய்ச் சேர்ந்த இடத்தில் முதல் ஒரு மாதம் எதுவும் புரியவில்லையாம். படித்த சொற்கள் ஒன்றைக்கூட யாரும் பேசவில்லை. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். பாட்டி, ஐ ஆம் கிராண்ட் என்றிருக்கிறார்.

"நமக்கு கிராண்ட்னா கல்யாண மண்டபம் மாதிரி," என்றாள் போனில். "இங்க அதுக்குப் பரவால்லன்னு அர்த்தமாம். நான் பயந்து போயி அந்தம்மாவுக்குப் புத்தி தடுமாறிடுச்சுன்னு சீனியர் நர்ஸைக் கூப்பிட்டுட்டேன்."

போல்ட் என்று காதில் விழுந்தால் எனக்கு மரையாணிதான் நினைவுக்கு வரும்; எழுத்து வேறு, மிஸ் சொல்லிக் கொடுத்த போல்டுக்குத் துணிச்சல் என்று அர்த்தம். அந்த ஊரில் குறும்பு பண்ணுகிற குழந்தையைப் போல்ட் என்கிறார்களாம். பிரஸ் என்றால் அலமாரியாம். ஒரு நோயாளி தன் சட்டை பிரஸ்ஸில் இருக்கிறது என்று சொல்ல, இஸ்திரி போடக் கொடுத்திருப்பதாக நினைத்து மத்தியானம் வரை காத்திருந்திருக்கிறாள். இவற்றை அவள் சொல்லச் சொல்ல மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

இரண்டாவது வருடக் கோடை விடுமுறையில் மகளை அழைத்துக்கொண்டு ஒரு மாதம் போய்வந்தேன். அங்கே கிடந்த ஒரு செய்தித்தாளை எடுத்துப் படித்தேன். கடினமான சொற்கள் அத்தனையும் புரிந்தன. பஸ் டிரைவர் என்னிடம் சொன்னதில் ஒரு சொல்கூடப் புரியவில்லை. நான் தலையை ஆட்டினேன், அவரும் ஆட்டினார். எது வழியோ, சரியான இடத்தில்தான் இறங்கினோம்.

மனைவி இரண்டு மலையாளி நர்ஸுகளோடு ஒரு வீட்டில் இருந்தாள். எங்களுக்காக அவர்கள் ஒரு அறையை விட்டுக் கொடுத்திருந்தார்கள். திரும்புவதற்குச் சில நாட்கள் முன்னால், அவர்கள் இருவரும் டியூட்டிக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"எப்ப வரப் போறீங்க?"

"அதான் வந்திருக்கோமே."

"இது இல்ல. ஒரேடியா."

யோசிக்கணும் என்றேன். அந்தச் சொல்லில் ஆரம்பித்தது. அத்தனை வருடம் நாங்கள் போடாத சண்டையை அன்று தமிழில் போட்டோம். என் அக்கா வந்தாள், அவள் அம்மா வீடு வந்தது, கல்யாணத்தில் அவள் பெரியப்பாவைச் சரியாகக் கவனிக்கவில்லை என்பதும் வந்தது. நான் வந்தால் என்ன வேலை பார்ப்பேன், யாரோ ஒருவருடைய புருஷன் என்று வீட்டில் உட்கார்ந்திருப்பேனா என்று கேட்டேன். இவ்வளவு நாள் யாரோ ஒருவருடைய பெண்டாட்டி என்று தான் ஸ்ரீரங்கத்துக்கும் காட்டூருக்கும் அலையவில்லையா என்று அவள் கேட்டாள். மகள் பக்கத்து அறையில் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தாள். கடைசியில் இருவருக்கும் தொண்டை வறண்டுபோய், நான்தான் டீ போட்டேன். பால் அதிகமாகிவிட்டது. குடித்தோம்.

"எனக்கு இங்க ஒண்டியா இருக்க முடியலைங்க," என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு எந்த வாக்கியப் பயிற்சியும் வேண்டியிருக்கவில்லை.

"வரேன்," என்றேன்.

ஊருக்குத் திரும்பியும் உடனே எதுவும் செய்யவில்லை. மகள் அந்த வகுப்பை முடிக்கட்டும் என்று ஒரு காரணம், விசா வரட்டும் என்று ஒரு காரணம். வெல்டிங் ஆய்வுக்கு அங்கே செல்லுபடியாகிற சான்றிதழ் ஒன்று வேண்டும் என்று தெரிந்து, சென்னையில் அதற்குப் பயிற்சிக்குப் போனேன். பாடம் முழுக்க ஆங்கிலத்தில் நடந்தது. எனக்கு ஏற்கெனவே தெரிந்த இரும்பு ஆங்கிலம்தான், சிரமமாக இல்லை. விசா போன மாதம் வந்தது. யூனிட்டில் சொல்லிவிட்டேன். முதலாளி வருத்தப்பட்டார், கிரேன் ஆபரேட்டர் கை கொடுத்தார். ஜூனில் கிளம்புகிறோம். போக ஆசையா என்று யாராவது கேட்டால், பயமும் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

அக்காவிடம் சொல்வதைத்தான் கடைசி வரை தள்ளிப் போட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் இருந்தாள். நின்றபடியே சொன்னேன். அவள் திரும்பவில்லை, அடுப்பைச் சின்னதாக வைத்தாள்.

"தெரியும். விசா வந்த அன்னிக்கே உன் பொண்ணு சொல்லிட்டா."

"நீ ஒண்ணும் கேக்கலையே."

"நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன்." கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு, "அவ டியூட்டிக்குப் போயிட்டா அங்க யாரு சமைப்பா?" என்றாள்.

"நான்தான்."

"உனக்கு என்ன தெரியும்?"

"டீ போடுவேன்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு புளி டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்து, ரசத்துக்கு எவ்வளவு ஊறப்போட வேண்டும் என்று காட்ட ஆரம்பித்தாள்.